பனி கொட்டுது, வாங்க

மாயழகு வீட்டுக்கா? வாங்க சார், நானும் அங்கிட்டுத்தான் போறேன். பையைக் குடுங்க. அட, குடுங்கங்கிறேன், இந்த ஏத்தத்துக்கு உங்க தோளு தாங்காது. மொத பஸ்ஸுக்கே வந்து எறங்கிட்டீங்களே, கெட்டிக்காரருதான். எந்த ஊரு? கோயமுத்தூரா? நல்லது. அங்க இந்நேரத்துக்கு வெயிலு வந்திருக்கும். இங்க பாருங்க, மணி ஏழரை, வாயத் தொறந்தா பொகை வருது.

இந்தப் பக்கம் சார். ரோட்டுல போனா சுத்து. குறுக்க கூட்டிட்டுப் போறேன்.

மாயழகைப் பத்தி யாரு சொன்னா? போன்ல பாத்தீங்களா? அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்குமே. 'மேல்மலையின் மன்னன்'னு ஒருத்தன் எழுதியிருப்பான், படிச்சீங்களா? நானும் படிச்சேன். பூண்டுக் காட்டுல களையெடுத்துக்கிட்டிருந்த பய, மன்னனாம்!

தப்பா எடுத்துக்காதீங்க. அவன் எனக்குச் சகலை. என் பொண்டாட்டியும் அவன் பொண்டாட்டியும் கூடப்பொறந்தவளுக. மூத்தவளை நான் கட்டுனேன், எளையவளை அவன் கட்டுனான். எனக்கு அவன் மேல ஒரு கோவமும் கெடையாது. மனசுல எதையும் வெச்சுக்கிற ஆளே நான் இல்ல. ஊர்ல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

ஆனா ஒண்ணு சொல்றேன். நீங்க தேடி வந்த மாயழகு அவன் இல்ல. நான்தான்.

என்ன சார் நின்னுட்டீங்க? நடங்க, நடந்துக்கிட்டே பேசுவோம். நின்னா குளுரு ஏறிரும்.

என் பேரு வேலப்பன். இந்த மலையில இருபத்தாறு வருசமா வழிகாட்டி. இந்த மலைக்கு வானம் ஒரு நாளைக்கு நாலு தடவ புத்தி மாறும் சார். காலையில சுள்ளுனு வெயிலு. பத்து மணிக்கு மேகம் எறங்குச்சுன்னா எதுக்க நிக்கிறவன் மூஞ்சி தெரியாது. மத்தியானம் மழை. நாலு மணிக்கு மறுபடியும் பளிச்சுனு ஆயிரும். உங்கள மாதிரி வர்றவங்களுக்கு அதுதான் கொண்டாட்டம். அந்தக் கொண்டாட்டத்தை எந்த எடத்துல, எத்தனை மணிக்கு நின்னு பாக்கணும்னு தெரிஞ்சவன் இங்க ஒருத்தன்தான். அது நான்.

அதுலயும் மார்கழி, தை ரெண்டு மாசந்தான் நம்ம சீசன். ஊருக்கு மேக்க ஒரு பள்ளம் இருக்கு. வெள்ளைப்பள்ளம்னு பேரு வெச்சதே நான்தான். முந்துன நாள் சாயங்காலம் வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லாம, காத்தும் அசையாம இருந்தா, மறுநாள் விடியக்காலம் அந்தப் பள்ளத்துப் புல்லு பூராவும் உப்புத் தெளிச்ச மாதிரி வெளுத்துக் கெடக்கும். கால வெச்சா மொறுமொறுங்கும். எட்டு மணி வெயிலு பட்டா ஒண்ணும் இருக்காது. அதைப் பாக்கத்தான் எங்கெங்கேருந்தோ வருவாங்க. எல்லாரும் என்னையத்தான் தேடுவாங்க. என் மீசையோட படம் புடிச்சுக்கிட்டுப் போவாங்க. அப்ப எனக்கு மீசை இருந்துச்சு சார். இந்தா, இங்கேருந்து இது வரைக்கும்.

பாத்து, அந்தக் கல்லு வழுக்கும். இந்தக் கல்லுல மிதிங்க. ஆங்.

இன்னும் எவ்வளவு தூரமா? வந்துருச்சு சார், இந்த மேடு ஏறுனா ஆச்சு.

போன வருசத்துக்கு முந்துன மார்கழி. மெட்ராசுலேருந்து ஒருத்தர் போன் பண்ணாரு. நந்தகோபால்னு பேரு. பேங்குல பெரிய வேலை. "அண்ணே, பனி பெய்யுதா?"ன்னு கேட்டாரு. நான் உண்மையைச் சொன்னேன். "பெய்யுதாவா? கொட்டுது சார்! தரையெல்லாம் வெள்ளை வெளேர்னு கெடக்கு. உடனே கெளம்பி வாங்க"ன்னேன். இதுல என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க. மார்கழிப் பனி தலையில எறங்கும், மப்ளரைச் சுத்திக்கன்னு உங்க வீட்ல சொன்னதில்லையா? பனிக்குப் பனின்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?

அந்த மனுசன் என்ன புரிஞ்சுக்கிட்டாருன்னா, மேலேருந்து பஞ்சு பஞ்சா விழுமாம். சினிமாவுல ரெண்டு பேரு சால்வையைப் போத்திக்கிட்டு ஆடுவாங்கள்ல, அந்தப் பனி! புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வந்து எறங்குனாங்க பாருங்க. முழங்கால் வரைக்கும் பூட்ஸு. மெத்தையைத் தைச்சுப் போட்ட மாதிரி கோட்டு. கையில ஒரு பிளாஸ்டிக் பலகை, அதுல உக்காந்து பனியில சறுக்குறதுக்காம்.

ஆமா, பலகை கொண்டு வரலாமான்னு போன்ல கேட்டாருதான். கொண்டு வாங்க சார்னு நானும் சொன்னேன். வர்றவங்க ஆசையாக் கேக்குறப்ப வேணாம்னா சொல்லுவாங்க? ஒரு மரியாதைக்குச் சொன்னது. மேலேருந்து விழுமான்னும் கேட்டாரு. விழும் சார்னேன். பனி மேலேருந்து விழாம கீழேருந்தா வரும்?

காலையில ஆறு மணிக்கு வெள்ளைப்பள்ளத்துல கொண்டுபோய் நிறுத்துனேன். அன்னைக்குப் பாருங்க, இருபத்தாறு வருசத்துல அப்படி ஒரு வெள்ளை விழுந்ததில்ல. சாமி மேல சத்தியம். அந்தாளு குனிஞ்சு ஒரு புல்லைக் கிள்ளுனாரு. விரல்ல தேச்சாரு. தண்ணியாப் போச்சு. "இதுவாய்யா?"ன்னாரு. "இதுதான் சார்"னேன். "பனி எங்கய்யா?"ன்னாரு. "இதுதான் சார் பனி"ங்கிறேன். "இதுக்கா எட்டு மணி நேரம் வண்டியை ஓட்டிட்டு வந்தேன்? எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல இதைவிட ஜாஸ்தி இருக்கும்யா"ங்கிறாரு.

பொறுத்துக்கிட்டேன். அந்தம்மா பாவம், "விடுங்க, அழகாத்தானே இருக்கு"ன்னுச்சு. அவரு விடல. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்ன படம் ஒண்ணு எடுத்தாரு. பரவால்ல, சமாதானம் ஆயிட்டாரு போலன்னு நானும் மீசையை முறுக்கி விட்டுக்கிட்டு நின்னேன்.

என் பேரோட அந்தப் படத்தைப் போட்டுத்தான் எழுதியிருக்கான். ஏமாத்துக்காரன். ஒரு நட்சத்திரம். கூட பெருசா ஒரு வரி: 'பனி கொட்டுது வாங்கன்னு பொய் சொல்லி வரவழைக்கிறான், இந்த மீசையைக் கண்டால் ஓடிவிடுங்கள்.'

என் பொழப்புல மண்ணு விழுந்துச்சு சார். ஒத்த வார்த்தையில. நான் யாருக்கும் ஒரு கெடுதல் நெனச்சதில்ல. பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு லாட்ஜு, அவங்கதான் எனக்கு ஆளு அனுப்புவாங்க, நிறுத்திட்டாங்க. போன் மணி அடிக்கிறதே நின்னு போச்சு. அதைக்கூடத் தாங்கிக்கலாம். டீக்கடைக்குப் போனா, "என்ன மாமா, பனி கொட்டுதா?"ங்கிறானுக. கோயில்ல திருநீறு பூசுறவரு கேக்குறாரு, "கொட்டுதாப்பா?"ன்னு. பஸ்ஸுல ஏறுனா வெளியூர்க்காரங்க போனைப் பாக்குறாங்க, என் மூஞ்சியைப் பாக்குறாங்க, அந்தப் பக்கம் திரும்பிக்கிறாங்க. ஒரு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு மீசையை வழிச்சுட்டேன். பஞ்சவர்ணம், என் பொண்டாட்டி, பாத்துட்டு அழுதா. ஊரு சிரிச்சுச்சு.

அன்னைக்கு முடிவு பண்ணேன். அந்த நந்தகோபால் மட்டும் மறுபடி இந்த மலையில கால வெக்கட்டும், வெச்சுக்கிறேன் கச்சேரி. அவன் 'ஐயோ சாமி, என்னையக் கீழ கொண்டுபோய் விடு'ன்னு என் கால்ல விழணும். அதைக் கண்ணாலப் பாக்கணும். ஒரு வருசமும் அதே நெனப்புதான். சோத்துல கையை வெச்சா அந்தாளு மூஞ்சி. படுத்தா அந்தாளு மூஞ்சி.

குளுருதா? நடந்தாச் சரியாப் போயிரும். ஓடையை இப்படித் தாண்டுங்க. ஜோரு!

போன மார்கழி. மாயழகு என் வீட்டுக்கு வந்தான். அவன் ஜீப்பு வெச்சு பூண்டு மூட்டை ஏத்திக்கிட்டிருந்தான். 'ஜீப் வாடகைக்கு'ன்னு பஸ் ஸ்டாப்புல போர்டு வேற, அதுல அவன் நம்பரு. "சகலை, நாளைக்கு ஒரு புருசன் பொண்டாட்டி வராங்க, மலையைச் சுத்திக் காட்டணுமாம். நான் மூட்டையோட வடுகபட்டிச் சந்தைக்குப் போறேன். எனக்குப் பாதையும் தெரியாது, மேகமும் தெரியாது. நீங்க போயிட்டு வாங்க. வர்றது பூராவும் உங்களுக்கே"ன்னான். பாத்தீங்களா திமிர? எனக்குப் பிச்சை போடுறான்! சரி, தொலையுதுன்னு ஒத்துக்கிட்டேன். கிளம்புறப்ப அவன் கம்பளிக் கோட்டைக் கழட்டி என் மேல போட்டு விட்டான், பெரிய தருமப்பிரபு மாதிரி. இப்பப் போட்டிருக்கேனே, இதேதான். திருப்பிக் கேக்கவே இல்ல. அதுலயும் ஒரு கணக்கு வெச்சிருப்பான்.

மறுநாள் விடிஞ்சும் விடியாம பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். குரங்குக் குல்லா, மப்ளரு, கண்ணு மட்டுந்தான் தெரியுது. கார்லேருந்து எறங்குறான் சார். நந்தகோபால்! அதே ஆளு, அதே நடை! மப்ளரை மூக்குக்கு மேல இழுத்துச் சிரிப்பை மறைச்சுக்கிட்டேன். குளுரு இல்ல சார், சந்தோசம்.

நேரா வந்து, "மாயழகு அண்ணனா?"ன்னு கேட்டாரு.

எனக்கு ஒரு நொடிதான் ஆச்சு. ஆமான்னுட்டேன். ஏன்னு கேளுங்க. இன்னைக்கு இவரை நான் படுத்துற பாட்டுக்கு ஊருக்குப் போய் எழுதாம இருக்க மாட்டாரு. எழுதட்டும். மாயழகுன்னு எழுதட்டும். எனக்கே பிச்சை போடுற பயலுக்கும் ஒரு ஒத்தை நட்சத்திரம் கெடைக்கட்டும், ஊரு அவனையும் பாத்துச் சிரிக்கட்டும். வகுத்தெரிச்சல் எல்லாம் இல்ல. ஒரு நியாயம் வேணும்ல?

வானத்தைப் பாத்தேன். மேல பளிச்சுனு இருக்கு, நட்சத்திரம் மங்கிக்கிட்டிருக்கு, ஆனா கெழக்குக் காத்து. பள்ளத்துலேருந்து மேகம் ஆறு மணிக்கே கெளம்பிருச்சு. வழக்கமா ஒம்போது மணிக்குத்தான் கெளம்பும். ஆறுக்கே கெளம்புச்சுன்னா பத்து மணிக்கு மழை, சந்தேகமே வேணாம். கார்லேருந்து மழைக் கோட்டை எடுத்தாரு. "மழையா? மார்கழியிலயா? வானத்தைப் பாருங்க சார், தொடச்சு வெச்ச மாதிரி இருக்கு. அதை வேற எதுக்குச் சுமந்துக்கிட்டு?"ன்னேன். வெச்சுட்டு வந்துட்டாரு. என் வாழ்க்கையில நான் சொன்ன ஒரே பொய் அதுதான் சார்.

பேரைச் சொன்னதா? அது பொய் இல்லையே. அவரு கேட்டாரு, நான் ஆமான்னேன். அவ்வளவுதான்.

வெள்ளைப்பள்ளத்துப் பக்கமே போகல. நேரா சதுப்புல எறக்கினேன். மேல புல்லு, மிதிச்சா முழங்கால் வரைக்கும் ஐஸ் தண்ணி. சுத்திப்போக நல்ல பாதை இருக்கு, எனக்குத் தெரியாதா? "இதான் சார் வழி"ன்னேன். அந்தம்மா 'ஆ'ன்னு கத்துச்சு. எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. திரும்பிப் பாக்குறேன், சிரிக்குது! "என்னங்க, என் பூட்ஸை யாரோ உள்ள புடிச்சு இழுக்குறாங்க"ன்னு அவரைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. அவரும் சிரிக்கிறாரு. சரி, சதுப்பு பத்தாதுன்னு சோலைக்குள்ள விட்டேன். ஈரம் சொட்டுற காடு. அட்டை ஏறும். ஏறுச்சு. அந்தம்மா கால்ல ரெண்டு, அவரு கழுத்துல ஒண்ணு. அதைப் புடுங்குறதுக்கு முன்னாடி ஒண்ணொண்ணையும் போட்டோ எடுக்குறாங்க சார்! "நம்ம ஃப்ளாட்டுல யாருக்காவது இப்படிக் கெடைக்குமா?"ங்கிறாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல.

அப்புறம் கழுகுமொட்டைங்கிற உச்சிக்கு ஏத்துனேன். ஒரு மரம் கெடையாது, ஒதுங்க ஒரு பாறை கெடையாது, ஆளைத் தூக்குற காத்து. நான் பாட்டுக்கு ஒரு உரச்சாக்கை மடிச்சுத் தலையில கொங்காணி போட்டுக்கிட்டு உக்காந்துட்டேன். இன்னொரு சாக்கு இடுப்புல செருகியிருந்துச்சு, அதைக் குடுக்கல. மொதல்ல மேகம் வந்துச்சு. ஒருத்தர ஒருத்தர் தெரியல. பேரைச் சொல்லிக் கூப்புட்டு வெளையாடுறாங்க, கல்யாணம் ஆகி இருபது வருசம் ஆனவங்க! அப்புறம் மழை. சொல்லி வெச்ச மாதிரி பத்து மணி. ஊசி ஊசியா எறங்குது. இப்ப வருவாரு, இப்ப கால்ல விழுவாருன்னு பாக்குறேன். அவரு வாயைத் தொறந்து மழையக் குடிக்கிறாரு.

அப்பத்தான் சார் அந்த அநியாயம் நடந்துச்சு.

படபடன்னு சத்தம். தலையில சாக்கு மேல ஏதோ விழுது. கையை நீட்டிப் பாத்தா ஆலங்கட்டி! எங்க ஊர்ல ஆலங்கட்டி சித்திரையிலதான் விழும். மார்கழியில என் ஆயுசுல ரெண்டு தடவ பாத்திருக்கேன், அன்னைக்கோட மூணு. கோலிக்குண்டு கணக்கா விழுந்து, பொடியாகி, விழுந்து, பொடியாகி, கால் மணி நேரத்துல அந்தச் சரிவு பூராவும் வெள்ளை. கண்ணு கூசுற வெள்ளை. அந்த மனுசன் நடுவுல நின்னுக்கிட்டு ரெண்டு கையையும் விரிச்சு, "பனி! சுகந்தி, பனி! மேலேருந்து விழுது பாரு!"ன்னு கத்துறாரு.

"சார், அது பனி இல்ல, ஆலங்கட்டி"ன்னேன். எனக்குப் பொறுக்கல.

"எந்தக் கட்டியா இருந்தா என்னண்ணே, மேலேருந்து விழுதா இல்லையா!"ங்கிறாரு.

அந்தம்மா வந்து என் தலைமேலருந்த சாக்கை உருவிக்கிட்டுப் போயிருச்சு சார். கேக்கவே இல்ல. அதை விரிச்சு உக்காந்து, சர்ருனு சரிவுல எறங்குது. அவரு என் இடுப்புல இருந்த இன்னொரு சாக்கைப் புடுங்கிக்கிட்டு அது பின்னாடியே போறாரு. மறுபடி ஏறி வாராங்க, மறுபடி சறுக்குறாங்க. நான் வெறும் குல்லாவோட ஆலங்கட்டி வாங்கிக்கிட்டு நிக்கிறேன். அந்த வானத்துக்கு என் மேல என்ன கோவம்? இருபத்தாறு வருசமா அதைத்தானே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்? ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்காக ஒழுங்கா அடிச்சிருக்கக் கூடாதா?

மழை விட்டு வெயிலு அடிச்சுச்சு. நனைஞ்ச கோழி மாதிரி வந்து என்னையக் கட்டிப் புடிச்சாரு சார். விடவே இல்ல. நடுங்குறாரு, அழுகுறாரு, சிரிக்கிறாரு. "மாயழகு அண்ணே, போன வருசம் ஒரு ஏமாத்துக்காரன்கிட்ட மாட்டி நொந்து போனேன். மலைன்னாலே வெறுத்துப் போச்சு. இவதான் இன்னொரு தடவ போலாம்னு இழுத்துட்டு வந்தா. இன்னைக்கு நீங்க காட்டுனதைச் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்"னாரு.

அப்பச் சொல்லியிருக்கணும். 'அந்த ஏமாத்துக்காரன் நான்தான்யா, வேலப்பன்யா, நல்லாப் பாரு'ன்னு குல்லாவக் கழட்டியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. என்னைய இதுவரைக்கும் யாரும் அப்படிக் கட்டிப் புடிச்சதில்ல சார். எங்கப்பன்கூட. சொன்னாக் கையை எடுத்துருவாரேன்னு இருந்துச்சு. சொல்லல.

ஊருக்குப் போய் எழுதுனாரு. அஞ்சு நட்சத்திரம். குல்லாவோட என் படம், கண்ணு மட்டும் தெரியுது. பேரு மாயழகு. கீழயே இன்னொரு வரி: 'வேலப்பன் என்ற ஏமாத்துக்காரனிடம் போகாதீர்கள், மாயழகு அண்ணனைக் கூப்பிடுங்கள்.' ரெண்டாவது தடவ சார்! ஒரே ஆளு, ஒரே வருசத்துல, ஒரே பேரை ரெண்டு தடவ நாறடிச்சான்!

அதுக்கப்புறம் மாயழகுக்கு போன் நிக்கல. அவன் என்ன பண்ணான் தெரியுமா? நந்தகோபாலுக்கு போன் பண்ணி, "சார், அன்னைக்கு வந்தது நான் இல்ல, எங்க சகலை வேலப்பன்"ன்னு சொன்னானாம். அதுக்கு அவரு, "அந்தாளுக்காகக்கூடப் பரிஞ்சு பேசுறீங்களே, என்ன மனசுண்ணே உங்களுக்கு"ன்னு அதையும் சேத்து எழுதிட்டாரு. எம்புட்டுத் தந்திரம் பாருங்க! உண்மையைச் சொன்னா நம்ப மாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே சொல்லியிருக்கான். இப்ப பாதையெல்லாம் கத்துக்கிட்டான். யாருகிட்ட? என்கிட்டதான். "சகலை, சேந்து பண்ணுவோம், முன்னாடி நீங்க நடங்க"ங்கிறான். நான் அவனுக்குப் பின்னாடியும் நடக்க மாட்டேன், முன்னாடியும் நடக்க மாட்டேன்.

போன மாசம் மனசு கேக்காம நானே நந்தகோபாலுக்கு போன் போட்டேன். எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னேன். சதுப்பு, அட்டை, சாக்கு, மழைக் கோட்டு எல்லாம். வேணும்னுதான் பண்ணேன், உன்னையப் பழி வாங்கத்தான் பண்ணேன்னும் சொன்னேன். பூராவும் கேட்டான். அப்புறம், "அந்த நல்ல மனுசன் பேரைத் திருடுறதுக்கு இம்புட்டு விவரம் கேட்டு வெச்சிருக்கியே, நீ சாதாரண ஆளு இல்லய்யா"ன்னு வெச்சுட்டான்.

அதான் சார் உங்ககிட்டச் சொல்றேன். ஒருத்தருக்காவது தெரியட்டும். நீங்க இன்னைக்கு என்கூட வாங்க. சாயங்காலம் ஊருக்குப் போய் எழுதுங்க. அஞ்சு வேணாம், மூணு போடுங்க போதும். பேரை மட்டும் சரியாப் போடுங்க.

என்ன சார், போனை நீட்டுறீங்க? கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியாது, நீங்களே படிங்க.

என்னது?

இன்னொரு தடவ படிங்க. 'எச்சரிக்கை. வழியில் ஒரு ஆள் உங்களைப் பிடிப்பார். அன்றைக்கு வந்தது நான்தான் என்று உருக்கமாகக் கதை சொல்லுவார். நம்ப வேண்டாம்.' யாரு எழுதுனது, நந்தகோபாலா? போன வாரமா?

அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் உம் கொட்டிக்கிட்டு வந்தீங்களா? கதை நல்லா இருந்துச்சா? ம். நல்லா இருக்கும்.

மாயழகு வீடா? நீங்க பஸ் எறங்குன எடத்துலேருந்து ரெண்டாவது வீடு. பச்சைக் கேட்டு. நான் பையைக் கையில வாங்குறப்ப அவன் பொண்டாட்டி வாசல் தெளிச்சுக்கிட்டிருந்தா, நீங்க பாக்கல. இது கழுகுமொட்டை. மேகம் வந்துருச்சு, அதான் உங்களுக்கு ஒண்ணும் தெரியல.

கோவமா? படுங்க, கோவப்படுங்க. நீங்களும் ஒரு நட்சத்திரம் போடுங்க, கூட்டத்தோட கூட்டமா. இந்தாங்க உங்க பை. தாராளமாப் போங்க. கீழ எறங்க வேண்டியதுதான். எந்தப் பக்கம் கீழன்னு பாத்துக்கங்க.

சார்! நில்லுங்க! நில்லுங்கன்னா! அசையாதீங்க. அங்கிட்டு இன்னும் நாலு அடிதான் தரை. அப்புறம் ஒண்ணும் கெடையாது. கையை நீட்டுங்க. இந்தா, புடிச்சுட்டேன். ரெண்டு கையையும் என் தோள் மேல வைங்க. பையை நான் வெச்சுக்கிறேன். நடுங்காதீங்க. இருபத்தாறு வருசத்துல ஒருத்தரையும் இங்க விட்டுட்டுப் போனதில்ல.

கூட்டிட்டுப் போறேன். அந்தப் பச்சைக் கேட்டுலயே கொண்டுபோய் விடுறேன். ஆனா ஒரு காரியம். அவன் ஓடி வருவான். யாரு சார் கூட்டிட்டுப் போனது, யாரு பத்திரமாக் கொண்டாந்து விட்டதுன்னு கேப்பான். அப்ப நீங்க பேரைச் சொல்லணும். மாயழகு இல்ல, ஏமாத்துக்காரன் இல்ல, அந்தாளு இல்ல. என் பேரு. இப்பவே சொல்லிப் பழகுங்க.

எனக்கு அவசரம் இல்ல சார். இந்த மேகம் சாயங்காலம் வரைக்கும் நிக்கும். நான் சொன்னா நம்ப மாட்டீங்க, நின்னு பாருங்க.

காது கேக்கல. இன்னும் கொஞ்சம் சத்தமா.

ம். வேலப்பன். இப்ப ஒரு அடி எடுத்து வைங்க. அடுத்த அடிக்கு மறுபடியும் சொல்லணும்.